போரை விளக்கும் உரைக்குப் பின்: அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

2005 ஜூலை 2

பெறுநர்:
அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செனட் சபை, பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள்,
வாஷிங்டன்.

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

ஜூன் 28ஆம் நாள் இரவு வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் படைத்தளத்திலிருந்து அதிபர் ஜார்ஜ் புஷ் ஈராக் போரைப் பற்றி நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையைக் கேட்டேன். அதன் எழுத்து வடிவத்தைப் பின்னர் முழுமையாகப் படித்தேன். அன்றிரவு முதல் உங்களில் பலர் வெளியிட்ட அறிக்கைகளையும் தொலைக்காட்சியில் தெரிவித்த கருத்துகளையும் தேடிப் படித்தேன். இந்நாட்டின் குடிமகளாக, வாக்காளராக, போர்ச் செலவில் தன் பங்கை வரியாகச் செலுத்துபவளாக, உங்கள் முன் ஒரு முறையீட்டை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். இதன் ஆங்கிலப் படியை என் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழில் வெளியிடுவது, இந்நாட்டில் வாக்குரிமை பெற்று வாழும் தமிழர்களும் தத்தம் உறுப்பினர்களிடம் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்ற விருப்பத்தால்தான்.

தாம் தொடங்கிய போரை ஓர் அதிபர் நியாயப்படுத்திப் பேசுவதில் வியப்படைய எதுவும் இல்லை. அவ்வுரைக்கு எதிராக எழுந்த கண்டனங்களும் பெரும்பாலும் நியாயமானவையே. ஆயினும் கண்டித்தவர்களில் பலர் பத்திரிகை ஆசிரியர்களோ அரசியல் ஆய்வாளர்களோ அல்லர். போரை அறிவிக்கவும், படைகளைத் திரட்டவும், அவற்றுக்குப் பணம் ஒதுக்கவும் மறுக்கவும் அரசமைப்புச் சட்டத்தின் முதலாம் உறுப்பு யாருக்கு அதிகாரம் தந்திருக்கிறதோ, அந்த நீங்களே அவர்கள். அத்தகைய அதிகாரம் பெற்றவர்கள் ஓர் உரையைக் கேட்டுவிட்டு, அது நன்றாக இருந்தது, நன்றாக இல்லை என்று கருத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டது எனக்கு ஆழ்ந்த கவலையைத் தருகிறது.

உரையின் வலுவான பகுதிகளை முதலில் ஒப்புக்கொள்கிறேன். களத்திலிருந்து வரும் படங்கள் கொடூரமானவை, அங்குள்ள துயரம் உண்மையானது என்று அதிபர் மறைக்காமல் சொன்னார். இந்தத் தியாகம் தகுமா என்ற கேள்வியைத் தாமே எழுப்பி, தகும் என்று விடையும் சொன்னார். கடந்த ஜனவரியில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியர், குண்டுவெடிப்பு அச்சத்துக்கு நடுவே வரிசையில் நின்று வாக்களித்ததை அவர் நினைவூட்டியதில் மிகை எதுவும் இல்லை. போரை எதிர்ப்பவர்கள் அம்மக்களின் துணிவைக் குறைத்துப் பேசுவது தவறு என்றே நான் கருதுகிறேன். வெளியேறும் நாளை முன்கூட்டி அறிவித்தால் ஈராக்கியருக்கும் நம் வீரர்களுக்கும் எதிரிகளுக்கும் தவறான செய்தி சென்றுசேரும் என்ற வாதமும் எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதன்று. அதை மறுப்பவர்கள் இன்னும் கவனமாகவும் விரிவாகவும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கண்டனங்களில் பெரும்பகுதி, 2001 செப்டம்பர் 11 தாக்குதலை அதிபர் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டதைப் பற்றியது. அத்தாக்குதலுக்கும் ஈராக் போருக்கும் தொடர்பில்லை என்று தெரிந்திருந்தும் அந்தப் புனிதமான நினைவை அவர் பயன்படுத்திக்கொள்கிறார் என்று பிரதிநிதிகள் சபையின் சிறுபான்மைக் கட்சித் தலைவர் நான்சி பெலோசி சாடினார். அத்தாக்குதலை எத்தனை முறை நினைவூட்டினாலும் ஈராக்கில் முன்னே செல்லும் வழி அதிலிருந்து கிடைத்துவிடாது என்ற பொருளில் செனட்டின் சிறுபான்மைக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் பேசினார். இரண்டும் சரியான கண்டனங்கள். சதாம் உசேனுக்கு அத்தாக்குதலில் பங்கிருந்ததற்குத் தங்களிடம் சான்று இல்லை என்று 2003 செப்டம்பரில் இதே அதிபர் செய்தியாளர்களிடம் சொன்னார். ஈராக்குக்கும் அல் காய்தாவுக்கும் இடையே கூட்டாகச் செயல்படும் உறவு இருந்ததற்குச் சான்று காணவில்லை என்று தாக்குதலை விசாரித்த தேசிய ஆணையம் 2004 ஜூலையில் அறிக்கை தந்தது. இவ்வளவும் பதிவான பிறகு, படைவீரர்கள் முன் நின்று அவ்விரண்டையும் மீண்டும் ஒரே மூச்சில் பேசியது கேட்போரைத் தவறாக வழிநடத்துவதாகும். இதைச் சொன்னவர்களுக்கு என் நன்றி. மாறாக, வீரர்கள் உரையின் நடுவில் ஒரே ஒரு முறைதான் கைதட்டினார்கள், அதையும் தொடங்கிவைத்தவர் யார் என்ற ஆராய்ச்சிக்குச் சில ஊடகங்கள் ஒதுக்கிய நேரத்தை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

ஆனால் கண்டித்தவர்களில் பெரும்பாலோர் கடந்துசென்றுவிட்ட ஒரு பகுதி அவ்வுரையில் இருக்கிறது. சதாமைப் பதவியிலிருந்து அகற்றிய தம் முடிவைச் சிலர் ஏற்காமலிருக்கலாம் என்றும், எனினும் உலகப் பயங்கரவாதிகள் இப்போது ஈராக்கைத் தங்கள் மையக் களமாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதை அனைவரும் ஒப்புக்கொள்ள முடியும் என்றும் அதிபர் சொன்னார். இதை மெதுவாக ஒருமுறை படித்துப் பாருங்கள். போரைத் தொடங்கியதற்குச் சொன்ன காரணம் சரியா, தவறா என்ற கேள்வி இங்கே அமைதியாக ஓரம் கட்டப்படுகிறது. அந்தப் போரால் விளைந்த நிலைமையே அந்தப் போரைத் தொடர்வதற்கான காரணமாக முன்வைக்கப்படுகிறது. ஈராக்கில் போரிடும் அபு முசாப் அல் ஸர்காவியின் குழு அல் காய்தாத் தலைவர் பின்லேடனுக்குத் தன் விசுவாசத்தை அறிவித்தது 2004 அக்டோபரில், அதாவது நம் படைகள் ஈராக்குக்குள் நுழைந்து ஒன்றரை ஆண்டு கடந்த பிறகு. சவூதி அரேபியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஏமனிலிருந்தும் லிபியாவிலிருந்தும் வந்து அங்கே போரிடுவோரைப் பற்றி அதிபர் சொன்னார். அவர்கள் எப்போது வந்தார்கள், எதனால் வந்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. இத்தகைய வாதத்தை ஏற்றுக்கொண்டால் எந்தப் போரையும் எக்காலத்திலும் முடிக்க இயலாது. போர் எவ்வளவு மோசமாகிறதோ, அதைத் தொடர்வதற்கான காரணமும் அவ்வளவு வலுவடைந்துகொண்டே போகும்.

2002 அக்டோபரில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தை எடுத்து உரைக்கு அருகில் வைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். பிரதிநிதிகள் சபையில் 296க்கு 133, செனட்டில் 77க்கு 23 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. இரண்டு நோக்கங்களுக்காகப் படைபலத்தைப் பயன்படுத்த அது அதிபருக்கு அனுமதி தந்தது. ஈராக்கினால் தொடர்ந்து நிலவும் அச்சுறுத்தலிலிருந்து அமெரிக்காவைக் காப்பது ஒன்று. ஈராக் தொடர்பான ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானங்களை நடைமுறைப்படுத்துவது மற்றொன்று. முதல் நோக்கத்துக்கு அடிப்படையாக அன்று உங்களுக்குச் சொல்லப்பட்டவை பேரழிவு ஆயுதங்கள். 2003 ஜனவரியில் அதிபர் உங்கள் இரு அவைகளின் கூட்டுக்கூட்டத்தில் அவற்றைப் பற்றித்தான் விரிவாகப் பேசினார். பிப்ரவரி 5ஆம் நாள் வெளியுறவுச் செயலர் காலின் பவல் பாதுகாப்பு அவையில் அவற்றைப் பற்றித்தான் படங்களைக் காட்டிப் பேசினார். அத்தகைய ஆயுதக் கையிருப்பு எதுவும் அங்கே இல்லை என்று, தேடுவதற்காக அமைக்கப்பட்ட குழுவின் தலைவர் சார்லஸ் டுல்ஃபர் 2004 அக்டோபரில் உங்களிடமே தெரிவித்தார். ஃபோர்ட் பிராக் உரையில் அந்த ஆயுதங்கள் ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அச்சுறுத்தல் என்று எந்த அரசு குறிப்பிடப்பட்டதோ அது 2003 ஏப்ரலில் வீழ்ந்தது. 2004 ஜூன் 28ஆம் நாள் ஈராக்கியரிடம் ஆட்சியுரிமை ஒப்படைக்கப்பட்டது. அதன் முதலாண்டு நிறைவு நாளைத்தான் அதிபர் தம் உரைக்குத் தேர்ந்தெடுத்தார். இன்று பாக்தாதில் இருப்பது நம் நட்பு அரசு. ஆகவே, அதிபர் இவ்வாரம் விவரித்த போரில், அதாவது நட்பு அரசொன்றைக் காத்துநின்று, உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடும் வெளிநாடுகளிலிருந்து வந்த போராளிகளோடும் மோதி, ஒரு புதிய படையைப் பயிற்றுவித்து, ஒரு புதிய அரசியல் அமைப்பு நிலைபெறும்வரை காலவரையின்றி அங்கே தங்கும் போரில், ஈடுபடுவதற்கு நீங்கள் ஒருபோதும் வாக்களிக்கவில்லை. பாதுகாப்பு அவையின் 1546ஆம் தீர்மானம் பன்னாட்டுப் படைக்கு அனுமதி தந்திருக்கிறது என்று அரசின் சட்ட வல்லுநர்கள் வாதிடக்கூடும். அது பன்னாட்டுச் சட்டத்துக்கான விடை. நம் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் முடிவை எடுக்கும் பொறுப்பை நம் அரசமைப்பு உங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. அதை நியூயார்க்கில் கூடும் பாதுகாப்பு அவையிடம் ஒப்படைக்கவில்லை.

உரையில் இடம்பெற்ற எண்களையும் நீங்கள் கேள்வியின்றி விட்டுவிட்டீர்கள். ஈராக்கில் இப்போது 1,60,000க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படையினர் பயிற்சியும் தளவாடமும் பெற்றிருப்பதாக அதிபர் சொன்னார். ஈராக்கியப் படைகள் பொறுப்பேற்க ஏற்க அமெரிக்கப் படைகள் விலகும் என்பதே அவருடைய திட்டத்தின் சாரம் என்பதால், அந்த எண்ணின் பொருள் என்ன என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. கடந்த பிப்ரவரியில் செனட்டின் படைத்துறைக் குழுவின் முன் சாட்சியமளித்த அமெரிக்க முப்படைத் தலைமைக் குழுவின் தலைவர் ஜெனரல் ரிச்சர்ட் மையர்ஸ், அப்போது பயிற்சி பெற்றவர்களாகக் கணக்கில் இருந்த 1,36,000 பேரில் ஏறத்தாழ 40,000 பேர் மட்டுமே நாட்டின் எப்பகுதிக்கும் சென்று எத்தகைய அச்சுறுத்தலையும் எதிர்கொள்ளக்கூடியவர்கள் என்று தெரிவித்தார். ஐந்து மாதங்களுக்குப் பின் அந்த 40,000 இன்று எவ்வளவு ஆகியிருக்கிறது? தனித்துப் போரிடக்கூடிய படைப்பிரிவுகள் எத்தனை? எத்தனை பிரிவுகள் அந்நிலையை எட்டினால் நம் படையில் எத்தனை பேர் திரும்புவார்கள்? இக்கேள்விகளுக்கான விடை இல்லாதவரை, விலகுவோம் என்ற வாக்குறுதிக்கு நாளும் இல்லை, அளவும் இல்லை. கால அட்டவணை கூடாது என்று சொல்லும் ஓர் அரசு, அதற்கு மாற்றாக அளவுகோலையாவது தர வேண்டும். இரண்டையும் மறுக்கும் உரிமை அதற்கு இல்லை.

போர் எந்த நிலையில் இருக்கிறது என்பதிலேயே அரசின் தலைவர்கள் ஒன்றுபட்டுப் பேசவில்லை. கிளர்ச்சி தன் கடைசி மூச்சில் இருக்கிறது என்று மே மாத இறுதியில் துணை அதிபர் டிக் செனி தொலைக்காட்சியில் சொன்னார். கிளர்ச்சியின் வலிமை ஆறு மாதங்களுக்கு முன் இருந்த அளவிலேயே இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரும் போராளிகள் அதிகரித்திருக்கிறார்கள் என்று ஜூன் 23ஆம் நாள் மத்தியக் கிழக்கில் உள்ள நம் படைகளின் தளபதி ஜெனரல் ஜான் அபிசைட் உங்கள் முன்னிலையிலேயே சாட்சியம் சொன்னார். இத்தகைய கிளர்ச்சிகள் ஐந்து, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு ஆண்டுகள்கூட நீடிக்கலாம் என்று மூன்று நாள் கழித்துப் பாதுகாப்புச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் சொன்னார். இம்மூன்றில் எதை நம்பி நாங்கள் பிள்ளைகளை அனுப்புவது என்று அதிபரின் உரை தெளிவுபடுத்தவில்லை. தெளிவுபடுத்தும்படி அவரை நீங்கள் கட்டாயப்படுத்தவும் இல்லை.

இப்படிக் கேட்பது போர்க்களத்தில் இருப்பவர்களின் மனவுறுதியைக் குலைக்கும், எதிரிக்கு ஊக்கம் தரும் என்று உங்களில் சிலர் இவ்வாரம் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களுக்கு உங்கள் அவையின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறேன். 1846இல் மெக்சிகோவுடன் போர் தொடங்கியபோது, அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தம் சிந்தப்பட்டது என்பதே அதிபர் ஜேம்ஸ் போல்க் சொன்ன காரணம். 1847 டிசம்பரில், போர் முடியாத நிலையில், தம் ஆண்டுச் செய்தியில் அதே காரணத்தை மீண்டும் வலியுறுத்தி அவர் போரை நியாயப்படுத்தினார். அப்போது இலினாய் மாநிலத்திலிருந்து புதிதாகத் தேர்வாகியிருந்த உறுப்பினர் ஒருவர், அந்த இரத்தம் சிந்தப்பட்ட இடம் எது, அது உண்மையில் அமெரிக்க மண்தானா, அங்கே வாழ்ந்தவர்கள் எந்த நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தார்கள் என்று எட்டுக் கேள்விகளைத் தீர்மானங்களாக எழுதி அவையில் வைத்தார். அவர் ஆபிரகாம் லிங்கன். அடுத்த மாதமே அப்போரை அதிபர் தேவையின்றியும் அரசமைப்புக்கு முரணாகவும் தொடங்கினார் என்று பிரதிநிதிகள் சபை 85க்கு 81 என்ற வாக்கில் பதிவு செய்தது. லிங்கனும் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. களத்திலிருந்த வீரர்களுக்கு உணவும் மருந்தும் தளவாடமும் அனுப்பும் மசோதாக்கள் வந்தபோதெல்லாம் லிங்கன் ஆதரித்தே வாக்களித்தார். வீரரை ஆதரிப்பதும் அவரை அனுப்பியவரைக் கேள்வி கேட்பதும் முரண்பட்டவை என்று அவர் கருதவில்லை. அவருடைய கேள்விகளுக்கு போல்க் பதில் அளிக்கவே இல்லை. சொந்த மாநிலத்தில் லிங்கனைத் துரோகி என்று தூற்றினார்கள். ஆயினும் கேள்விகள் அவைக் குறிப்பில் பதிவாயின. உரை அழகாக இல்லை, உருக்கமாக இல்லை என்று அவர் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அதிபரின் கூற்று உண்மையா என்று சோதிக்கக்கூடிய கேள்விகளை, பதில் சொல்லியாக வேண்டிய வடிவத்தில் எழுதினார். உங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவே.

இப்போது உங்கள் பதிவைப் பார்ப்போம். கடந்த மே மாதம் ஏறத்தாழ 8,200 கோடி டாலருக்கான அவசர நிதி மசோதா உங்கள் முன் வந்தது. அதன் பெரும்பகுதி ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கானது. பிரதிநிதிகள் சபையில் 368க்கு 58, செனட்டில் 100க்கு 0 என்ற வாக்குகளில் அதை நிறைவேற்றினீர்கள். ஜூன் 28 இரவு அதிபரைக் கடுமையாகக் கண்டித்த செனட் உறுப்பினர்கள் அனைவரும் அந்த 100இல் அடக்கம். வீரர்களுக்குக் கவச ஊர்திகளும் சம்பளமும் மறுக்கப்படக்கூடாது என்பதால் வாக்களித்தோம் என்பீர்கள். அதை நான் ஏற்கிறேன். ஆனால் மூன்றாம் ஆண்டில் நடக்கும் ஒரு போரின் செலவு எதிர்பாராத அவசரச் செலவாக எப்படி ஆகும்? வழக்கமான வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியே, விரிவான விசாரணையின்றி, துண்டு துண்டாகப் பணம் கேட்கும் வழக்கத்தை நீங்கள் அனுமதித்திருக்கிறீர்கள். போரின் முழு விலை எவ்வளவு என்பதை மக்கள் ஒரே இடத்தில் பார்க்க முடியாமல் போனதற்கு அதிபரைப் போலவே நீங்களும் பொறுப்பு.

அந்த விலையின் ஒரு பகுதி அண்மையில் வெளிப்பட்டது. முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு இவ்வாண்டுச் செலவில் ஏறத்தாழ 100 கோடி டாலர் குறைகிறது என்று ஜூன் 23ஆம் நாள் தெரியவந்தது. காரணத்தைக் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பி இவ்வாண்டு மருத்துவம் நாடுவோர் 23,000 பேருக்குச் சற்று அதிகமாக இருப்பார்கள் என்று கணக்கிட்டிருந்தார்கள். திருத்திய மதிப்பு 1,03,000. திரும்பி வந்து மருத்துவம் நாடுவோரின் எண்ணிக்கையை நான்கில் ஒரு பங்குக்கும் கீழாக மதிப்பிட்ட ஓர் அரசிடமிருந்துதான் போர் திட்டப்படி நடக்கிறது என்ற உறுதிமொழியையும் நாம் பெற்றுக்கொள்கிறோம். உரை நிகழ்ந்த மறுநாள் செனட் 96க்கு 0 என்ற வாக்கில் 150 கோடி டாலரை ஒதுக்கியது. அதற்கு நன்றி. அதே வேகத்தோடு, அம்மதிப்பீடு எப்படித் தவறியது, போர் நீளும் ஒவ்வோர் ஆண்டும் இந்தச் செலவு எவ்வளவு கூடும் என்ற கேள்விகளையும் எழுப்பியிருக்க வேண்டும். படைத்துறைப் பணியைவிட உயர்ந்த அழைப்பு வேறில்லை என்று அதிபர் இளைஞர்களைப் பார்த்துச் சொன்ன நேரத்தில், பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதங்கள் தொடர்ந்து தரைப்படையால் தன் ஆள்சேர்ப்பு இலக்கை எட்ட முடிந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு வழிகாட்ட முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1964 ஆகஸ்டில், வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அனுமதி தந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2 என்று நிறைவேறியபோது, செனட்டில் அதை முன்னின்று நடத்திக்கொடுத்தவர் வெளியுறவுக் குழுத் தலைவர் வில்லியம் ஃபுல்பிரைட். 1966 பிப்ரவரியில், அதிபர் லிண்டன் ஜான்சன் தம் சொந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தும், அதே ஃபுல்பிரைட் வியட்நாம் போரைப் பற்றித் தொலைக்காட்சியில் நாடே பார்க்கும்படி விசாரணை நடத்தினார். வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க், ஜெனரல் மேக்ஸ்வெல் டெய்லர் ஆகியோர் போரை ஆதரித்தும், முன்னாள் தூதர் ஜார்ஜ் கென்னன், ஜெனரல் ஜேம்ஸ் காவின் ஆகியோர் அதன் போக்கைக் கேள்விக்குள்ளாக்கியும் பேசினார்கள். போரை எதிர்ப்பது பொறுப்பற்றவர்களின் செயல் என்ற எண்ணம் அந்த அறையில்தான் உடையத் தொடங்கியது. மேடையில் நின்று உரையாற்றும் அதிபரை யாரும் இடைமறித்துக் கேள்வி கேட்க முடியாது. குழுவின் முன் அமரும் செயலரைக் கேட்க முடியும். உரைக்குப் பதிலாக இன்னோர் உரையை நிகழ்த்துவதைவிட விசாரணையே மேல் என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

இன்றைய நிலையோ வேறாக இருக்கிறது. உளவுத் தகவல்கள் முன்பே எடுத்த முடிவுக்கு ஏற்ப அமைக்கப்பட்டன என்று 2002 ஜூலையிலேயே பிரிட்டிஷ் அதிகாரிகள் கருதியதைக் காட்டும் டவுனிங் தெருக் குறிப்பு, அதாவது பிரிட்டிஷ் பிரதமருடன் நடந்த கூட்டத்தின் குறிப்பு, கடந்த மே மாதம் வெளியானது. அதைப் பற்றி விசாரிக்க ஜூன் 16ஆம் நாள் முயன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸுக்கு உரிய விசாரணைக் கூடம் மறுக்கப்பட்டு, நாடாளுமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சிறு அறையே கிடைத்தது. பெரும்பான்மை பெற்ற குடியரசுக் கட்சியின் தலைவர்களே, அக்குறிப்பு பொய்யானால் அதைப் பொய்யென்று காட்ட உங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய சிறந்த இடம் அந்தக் கூடம்தான்.

குடியரசுக் கட்சித் தலைவர்களே, உங்கள் கட்சியிலேயே மனச்சான்றோடு பேசுவோர் இருக்கிறார்கள். வட கரோலினாவின் வால்டர் ஜோன்ஸ் 2002இல் இப்போருக்கு வாக்களித்தவர். அவருடைய தொகுதியில் கேம்ப் லெஜூன் மரைன் படைத்தளம் இருக்கிறது. இவ்வாண்டு முடிவதற்குள் வெளியேறும் திட்டத்தை அதிபர் அறிவிக்க வேண்டும், 2006 அக்டோபர் 1ஆம் நாளுக்குள் வெளியேறத் தொடங்க வேண்டும் என்று கோரும் தீர்மானத்தை, இரு கட்சிகளையும் சேர்ந்த உறுப்பினர்களோடு இணைந்து அவர் கடந்த மாதம் தாக்கல் செய்தார். நான் அத்தீர்மானத்தை ஆதரிக்கிறேன். நீங்கள் ஆதரிக்காமல் போகலாம். ஆனால் அது அவையில் விவாதிக்கப்படாமலேயே குழுவில் கிடந்து காலாவதியாவதை நியாயப்படுத்தும் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

உரையில் இல்லாத ஈராக்கியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறந்த நம் வீரர்கள் 1,700 பேருக்கும் அதிகம். ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, அரசின் பதிவேட்டில் இடம் உண்டு. நம் குண்டுகளாலும் கிளர்ச்சியாளர்களின் குண்டுகளாலும் இறந்த ஈராக்கியப் பொதுமக்கள் எத்தனை பேர் என்பதற்குப் பாதுகாப்புத் துறை ஒரு கணக்கையும் வெளியிடவில்லை. அவர்களுடைய விடுதலைக்காகத்தான் போர் என்று சொல்லும்போது, அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இல்லை என்பதை அறியாமலிருப்பது எப்படி நேர்மையாகும்? தியாகம் தகுமா என்ற கேள்விக்கு அதிபர் சொன்ன விடையில் அந்த உயிர்களும் எடைபோடப்பட்டனவா என்று அவரிடம் யாரேனும் ஒருவர் கேட்டிருக்கலாம். உங்கள் அறிக்கைகளில் அக்கேள்வியை நான் காணவில்லை.

நான் கோருபவை உங்கள் அதிகாரத்துக்குள் முழுமையாக அடங்கியவை. 2002ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் நான்காம் பிரிவின்படி, குறைந்தது 60 நாளுக்கு ஒருமுறை அதிபர் உங்களுக்கு அறிக்கை தர வேண்டும். அவ்வறிக்கைகளை வாங்கி அடுக்கி வைக்காமல், வரிவரியாகப் பொது விசாரணைக்கு உட்படுத்துங்கள். மே மாத நிதி மசோதாவோடு, ஈராக்கின் பாதுகாப்பையும் நிலைத்தன்மையையும் அளவிடும் அறிக்கையொன்றைச் சட்டம் கையெழுத்தான 60 நாளுக்குள் பாதுகாப்புச் செயலர் தர வேண்டும் என்றும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். மே 11ஆம் நாள் கையெழுத்தானதால், அந்தக் கெடு இன்னும் சில நாள்களில் முடிகிறது. அறிக்கை வந்ததும் ரம்ஸ்ஃபெல்டையும் அபிசைடையும் ஒரே நாளில், ஒரே மேசையில், பிரமாணத்தின் பேரில் அமரவைத்து, ஈராக்கியப் படைகளின் உண்மை நிலையைக் கேளுங்கள். அடுத்த ஆண்டுக்கான போர்ச் செலவை வழக்கமான வரவுசெலவுத் திட்டத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிபர் ஃபோர்ட் பிராக்கில் விவரித்த அந்தப் போரை, அதன் இன்றைய நோக்கத்தோடும் எல்லையோடும் எழுத்தில் வடித்து, ஆம் அல்லது இல்லை என்று ஒவ்வோர் உறுப்பினரும் பெயர் பதிவாகும் வகையில் வாக்களியுங்கள். பெரும்பான்மையோர் ஆம் என்று வாக்களித்தால், என் மனம் ஏற்காவிட்டாலும், குறைந்தபட்சம் யார் அனுப்பினார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

விடுதலை நாளன்று கொடியேற்றியும் வீரர் குடும்பங்களுக்கு உதவியும் நன்றி தெரிவிக்கும்படி அதிபர் எங்களைக் கேட்டுக்கொண்டார். அதை மகிழ்ச்சியோடு செய்வோம். அந்த விடுமுறையில் நீங்கள் தொகுதிகளுக்கு வருகிறீர்கள். ஊர்வலங்களில் நடப்பீர்கள், கூட்டங்களில் பேசுவீர்கள். அங்கே உங்களைச் சந்திக்கும் வாக்காளர்கள் இம்மடலில் உள்ள கேள்விகளை நேரில் கேட்பார்கள் என்று நம்புகிறேன். நான் என் உறுப்பினரிடம் கேட்கவிருக்கிறேன். வாஷிங்டன் திரும்பும் வாரத்திலேயே விசாரணைக்கான நாளை அறிவிக்கும்படி இரு அவைகளின் படைத்துறைக் குழுத் தலைவர்களையும் வெளியுறவுக் குழுத் தலைவர்களையும் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வாக்காளர் ஒருவர்